லைன் கட் ஆனா என்ன செய்யணும்? ஏரி மதகிலிருந்து ஈதர்நெட் டப்பா வரை

போன எபிசோடுக்கு வந்த மெயில்ல ஒருத்தர், "கோட்டை, ராஜா, போர் இதெல்லாம் சரி, நாங்க வேலை செய்யற ஃபேக்டரிக்குள்ள இருக்கிற பொருளுக்கு வரலாறு இல்லையா?"ன்னு கேட்டிருந்தார். இருக்கு. இன்னைக்கு அதுதான். ஆனா நான் ஃபேக்டரியில ஆரம்பிக்கப் போறதில்லை. ஒரு மழை ராத்திரியில ஆரம்பிக்கிறேன்.

2024 நவம்பர் 30. கார்த்திகை அமாவாசை. அமாவாசை ராத்திரின்னாலே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில்ல ஊஞ்சல் உற்சவம், நிக்க இடம் கிடைக்காது. எங்க அப்பா பக்கத்துச் சொந்தம் எல்லாம் அந்தப் பக்கத்துக் கிராமங்கள்தான். சென்னையில இருந்து திண்டிவனம், செஞ்சி வழியா போறதா இருந்தேன். காலையிலயே பெரியப்பா போன் பண்ணிட்டார். "வராதப்பா. புயல் தலைக்கு மேல நிக்குது. அம்மா எங்க போயிடப் போறா, அடுத்த அமாவாசைக்கு வா."

அன்னைக்கு ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் சட்டுன்னு நகரலை. மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை. மறுநாள் அந்த மழை மேற்கே போய் ஊத்தங்கரையிலயும் கிட்டத்தட்ட அதே அளவு கொட்டியது. ஊத்தங்கரையில பெய்யற தண்ணி எங்க போகும்? தென்பெண்ணைக்கு. தென்பெண்ணை எங்க போகும்? சாத்தனூர் அணைக்கு. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றங்கரை ஊர்கள் தூக்கத்திலிருந்து எழுந்தபோது வீட்டுக்குள்ளே தண்ணி.

அதுக்கப்புறம் நடந்த சண்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஐந்து கட்டமாக எச்சரிக்கை கொடுத்த பிறகுதான் திறந்தோம்னு அரசு சொன்னது. முன்னறிவிப்பே இல்லாம திறந்துட்டாங்கன்னு எதிர்க்கட்சிகள் சொன்னாங்க. யார் சொன்னது சரின்னு நான் இங்க தீர்ப்பு சொல்லப் போறதில்லை. அந்தச் சண்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு பழைய கேள்வியைத்தான் எடுக்கப் போறேன். தூரத்துல ஒரு மதகு இருக்கு. அங்க தண்ணி எவ்வளவு இருக்குன்னு தெரியணும். தெரிஞ்சதும் மதகை ஏத்தவோ இறக்கவோ சொல்லணும். நடுவுல இருக்கிற லைன் அறுந்துட்டா, அந்த மதகு என்ன செய்யணும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற ஒரு டப்பாவோட வரலாறுதான் இன்னைய எபிசோட்.

உள்ளங்கை அளவு டப்பா

முதல்ல டப்பா எதுன்னு சொல்லிடறேன். எந்த ஃபேக்டரியிலயும், பம்ப் ஹவுஸ்லயும், சப்-ஸ்டேஷன்லயும் சுவத்துல ஒரு இரும்புப் பெட்டி மாட்டியிருக்கும். பேனல்னு சொல்லுவோம். அதைத் திறந்தா உள்ளே 35 மில்லிமீட்டர் அகலத்துல ஒரு உலோகப் பட்டை குறுக்கே ஓடும். அதுக்கு டின் ரெயில்னு பேர். அந்த ரெயில்ல வரிசையா மாட்டியிருக்கிற டப்பாக்கள்ல ஒண்ணு, ஈதர்நெட் ஐ/ஓ மாட்யூல். ஒரு பக்கம் நம்ம வீட்டு ரவுட்டர்ல சொருகற அதே கேபிள். இன்னொரு பக்கம் வரிசையா ஸ்க்ரூ போட்ட டெர்மினல்கள். அந்த டெர்மினல்கள்ல வெளி உலகம் வந்து சேரும்: தண்ணி மட்டம், அழுத்தம், வெப்பநிலை, ஒரு சுவிட்ச் திறந்திருக்கா மூடியிருக்கா. இதெல்லாம் உள்ளே வர்ற சேதி. வெளியே போற சேதி: இந்த பம்பை ஓட்டு, அந்த வால்வை மூடு.

அவ்வளவுதான் அதோட வேலை. பார்க்கணும், சொல்லணும், சொன்னதைச் செய்யணும்.

உங்க வீட்டு ரவுட்டர் ஏசி ரூம்ல உக்காந்துகிட்டே மாசத்துக்கு ஒரு தடவை தொங்கும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவீங்க. இந்த டப்பாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. சித்திரை வெயில்ல மூடிய இரும்புப் பெட்டிக்குள்ள கை வைக்க முடியாது. அதனால நல்ல மாட்யூல்களை மைனஸ் 40-லிருந்து பிளஸ் 70, 75 டிகிரி வரைக்கும் ஓடற மாதிரி செய்வாங்க. ஃபேன் கிடையாது, ஏன்னா ஃபேன் வெச்சா தூசி உள்ளே வரும், அப்புறம் முதல்ல சாகறதே ஃபேன்தான். கரண்டு 24 வோல்ட்னு எழுதியிருந்தாலும் 10-லிருந்து 30 வோல்ட் வரைக்கும் எது வந்தாலும் தாங்கணும், ஏன்னா பக்கத்துல பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்ப வோல்டேஜ் தடுமாறும். இடி விழுந்தா கேபிள் வழியா வர்ற அதிர்ச்சி உள்ளே போகாம இருக்க, ஈதர்நெட் பக்கத்துல 1,500 வோல்ட் தாங்கற மின் தடுப்பு. அதிர்ற இடம்னா சாதாரண பிளக் கழண்டுடும், திருகி இறுக்கற வட்டமான எம்-12 கனெக்டர் வேணும்.

இதெல்லாம் உடம்போட உறுதி. ஆனா இந்த டப்பாவோட உண்மையான உறுதி உடம்புல இல்லை. அது எங்க இருக்குன்னு பார்க்க, கொஞ்சம் பின்னாடி போகணும்.

தாத்தா என்கிற மாட்யூல்

எங்க தாத்தா நீர்க்கட்டி. இந்த வார்த்தையை நிறைய பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஏரித் தண்ணியை மதகு திறந்து, வாய்க்கால் வழியா ஒவ்வொரு வயலுக்கும் பங்கு பிரிச்சு விடறவர். கூலி பணமா கிடையாது, அறுவடை முடிஞ்சதும் களத்துமேட்டுல நெல்லா அளந்து கொடுப்பாங்க.

இந்த ஏற்பாடு ஒண்ணும் புதுசில்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியம்னு தனியா ஒரு குழுவையே சொல்லுது. குடவோலை முறையில ஆளைத் தேர்ந்தெடுத்து ஏரியைப் பார்த்துக்கச் சொன்ன குழு. பழைய ஏரிகள்ல குமிழித் தூம்புன்னு ஒரு அமைப்பு இருக்கும்: தண்ணிக்குள்ள ரெண்டு கல் தூண், நடுவுல மேலே தூக்கி இறக்கற அடைப்பு. அடைப்பைத் தூக்கினா தண்ணி அடியில இருக்கிற துளை வழியா கரைக்கு அந்தப் பக்கம் போகும். இன்னைக்கு அதை வால்வுன்னு சொல்லுவோம்.

தாத்தா என்ன பண்ணுவார்? கரையில நடந்து தண்ணி எந்தப் படி வரைக்கும் ஏறியிருக்குன்னு பார்ப்பார். அது இன்புட். மதகைத் திறப்பார், மூடுவார். அது அவுட்புட். ஊருக்கு வந்து சேதி சொல்லுவார். அது நெட்வொர்க். நம்ம டப்பா செய்யற மூணு வேலையும் அவர் ஒருத்தரே செஞ்சார்.

ஆனா நாலாவதா ஒண்ணு இருந்தது. நடுராத்திரியில கனமழை கொட்டுது, கரையில இருந்து ஊருக்கு வர வழியில்லை, யாரையும் கேட்க முடியாது. அப்ப என்ன செய்யணும்னு அவருக்குத் தெரியும். ஏரி கோடி போகுதா, கலங்கல்ல அடைப்பு எதுவும் இருக்கா, கரை எங்க பலவீனமா இருக்குன்னு பார்த்து அவரே முடிவெடுப்பார். லைன் கட் ஆனா என்ன செய்யணும்ங்கிறது அவருக்குள்ளயே எழுதி வெச்சிருந்தது. எங்க பெரியப்பா சொல்லுவார்: "உங்க தாத்தா மழை ராத்திரியில வீட்டுல படுத்தே நான் பார்த்தது இல்ல."

செஞ்சியில உக்காந்து மகாராஷ்டிராவை ஓட்டினவர்

இதே கேள்விக்கு எங்க ஊர்ப் பக்கத்துலயே ஒரு அரசாங்கம் பதில் சொன்ன கதை இருக்கு. மேல்மலையனூர்ல இருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையை மதில் போட்டு இணைச்ச கோட்டை. 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த மராட்டிய ராணுவத் தலங்கள் 12-ல தமிழ்நாட்டுல இருக்கிறது இது ஒண்ணுதான்.

ஏன் மராட்டியர் பட்டியல்ல செஞ்சி? 1677-ல சிவாஜி இதைப் பிடிச்சார். 1689-ல அவர் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்ன பிறகு, இளைய மகன் ராஜாராம் தப்பிச்சு தெற்கே ஓடி வந்து செஞ்சிக் கோட்டைக்குள்ள உக்காந்தார். மராட்டிய அரசோட தலைநகரமே இங்க வந்துடுச்சு. பின்னாடியே முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் வந்து முற்றுகை போட்டார். 1698 தொடக்கத்துல கோட்டை விழற வரைக்கும், ஏழெட்டு வருஷம், விட்டு விட்டு முற்றுகை.

இப்ப இன்ஜினியர் கண்ணோட பாருங்க. தலைமை செஞ்சியில. களம் மகாராஷ்டிராவுல. நடுவுல நூத்துக்கணக்கான கிலோமீட்டர், வழியெல்லாம் முகலாயப் படை. எந்த உத்தரவும் நேரத்துக்குப் போய்ச் சேரும்னு நம்ப முடியாது. ராஜாராம் என்ன பண்ணினார்? ராமச்சந்திர பந்த் அமாத்யாவுக்கு ஹுகூமத்பனாங்கிற பட்டம் கொடுத்து, என்னைக் கேட்காமலேயே அங்க முடிவெடுக்கலாம்னு அதிகாரம் கொடுத்துட்டார். சந்தாஜி, தனாஜி மாதிரி தளபதிகள் அங்கேயும் இங்கேயும் சண்டை போட்டுகிட்டே இருந்தாங்க. செஞ்சி விழுந்தது. ஆனா அதுக்கு முன்னாடியே ராஜாராம் தப்பிச்சுட்டார், அரசும் சாகலை. லைன் கட் ஆனா களத்துல இருக்கிறவன் என்ன செய்யணும்னு முன்கூட்டியே சொல்லி வெச்சதுக்குக் கிடைச்ச பலன் அது.

உயிருள்ள பூஜ்யம்

சரி, இப்ப ஃபேக்டரிக்குள்ள போலாம். 1950-கள்ல தொழிற்சாலைகள்ல மின்சாரம் மூலமா அளவுகளை அனுப்பற பழக்கம் பரவ ஆரம்பிச்சது. தொட்டி காலியா இருந்தா பூஜ்யம் மில்லி ஆம்பியர், நிரம்பினா 20 மில்லி ஆம்பியர்னு வெச்சா போதும்னு தோணும் இல்லையா? வெக்கலை. காலிக்கு 4, நிரம்பினதுக்கு 20-ன்னு வெச்சாங்க. ஏன் 4?

ஏன்னா ஒயர் அறுந்தாலும் கரண்டு பூஜ்யம்தான். காலித் தொட்டியும் அறுந்த ஒயரும் ஒரே சேதி சொன்னா, கட்டுப்பாட்டு அறையில இருக்கிறவர் தொட்டி காலின்னு நினைச்சு பம்பை ஓட்டுவார். அதனால காலின்னு சொல்றதுக்கும் கொஞ்சம் கரண்டு வேணும். 4 வந்தா "தொட்டி காலி, ஆனா நான் உயிரோட இருக்கேன்"னு அர்த்தம். பூஜ்யம் வந்தா "நான் செத்துட்டேன், என்னை நம்பாதே". இதுக்கு இன்ஜினியர்கள் வெச்ச பேரே உயிருள்ள பூஜ்யம். இன்னைக்கும் நம்ம ஈதர்நெட் மாட்யூலோட அனலாக் டெர்மினல்ல வந்து சேர்றது பெரும்பாலும் இதே 4-20 தான்.

அடுத்தது 1968. அமெரிக்காவுல டிக் மார்லின்னு ஒரு இன்ஜினியர், புத்தாண்டு தினத்தன்னைக்கு உக்காந்து ஒரு கருவிக்குத் திட்டம் எழுதினார். கார் ஃபேக்டரிகள்ல ஆயிரக்கணக்கான ரிலேக்களை வெச்சு மெஷினை ஓட்டிகிட்டு இருந்த காலம். புது மாடல் கார் வந்தா ஒயரிங் மொத்தத்தையும் பிரிச்சு மாத்தணும். அதுக்குப் பதிலா புரோகிராமை மட்டும் மாத்தற ஒரு பெட்டி. அவர் கம்பெனியோட 84-ஆவது புராஜெக்ட் அது, அதனால பேர் 084. அதைத் தயாரிக்கத் தொடங்கின நிறுவனம் மோடிகான். இன்னைக்கு நாம பிஎல்சின்னு சொல்றோமே, அதோட ஆரம்பம். மார்லி ஒண்ணுல பிடிவாதமா இருந்தார்: உள்ளே ஃபேன் கூடாது, வெளிக்காத்து உள்ளே வரக் கூடாது. அந்தப் பிடிவாதம்தான் இன்னைக்கு நம்ம உள்ளங்கை டப்பா வரைக்கும் வந்திருக்கு.

1979-ல அதே மோடிகான், இந்தப் பெட்டிகள் ஒண்ணோட ஒண்ணு பேச ஒரு மொழி வெளியிட்டது. மோட்பஸ். ரொம்ப எளிமையான மொழி. தலைமை கேட்கும்: "ஏழாம் நம்பர், உன் மூணாவது அளவு என்ன?" ஏழாம் நம்பர் பதில் சொல்லும். அவ்வளவுதான். கேட்காம எதுவும் பேசக் கூடாது. இந்த ஒரு விதியை ஞாபகம் வெச்சுக்கோங்க, தாத்தாகிட்ட திரும்பி வரும்போது வேணும்.

கல்பனா

இதே காலத்துல ஆபீஸ் பக்கம் இன்னொரு கதை ஓடிகிட்டு இருந்தது. 1973 மே 22 அன்று ஜெராக்ஸ் நிறுவனத்தோட பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்துல பாப் மெட்காஃப் ஒரு குறிப்பு எழுதினார். அங்க இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாத்தையும் ஒரே கேபிள்ல இணைக்கலாம்ங்கிற யோசனை. அதுக்கு அவர் வெச்ச பேர் ஈதர்நெட். டேவிட் பாக்ஸோட சேர்ந்து கட்டினார். 1983-ல ஐட்ரிபிள்இ அதை 802.3-ன்னு ஒரு தரமா ஏத்துகிட்டது.

ஒரே கேபிள்ல எல்லாரும் பேசினா என்ன ஆகும்? ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா மோதும். மோதினா ரெண்டு பேரும் நிறுத்திட்டு, ஆளுக்கு ஒரு கணக்கில்லாத நேரம் காத்திருந்து மறுபடி முயற்சி பண்ணணும். ஊர்ப் பஞ்சாயத்துல ரெண்டு பேர் ஒரே நேரத்துல வாயைத் திறந்து, "நீ சொல்லு", "இல்ல நீ சொல்லு"ன்னு நிக்கிற மாதிரி. பிரிண்ட் கொடுக்க, மெயில் அனுப்ப இது போதும். அரை விநாடி தாமதமானா யாருக்கும் நஷ்டமில்லை. ஆனா ஒரு பாய்லர் வால்வை மூடச் சொல்ற உத்தரவு, "எப்ப போய்ச் சேரும்னு சொல்ல முடியாது, கூட்டத்தைப் பொறுத்தது"ன்னு இருந்தா? ஃபேக்டரிக்காரங்க ஈதர்நெட்டை வருஷக்கணக்கா உள்ளே விடாததுக்கு இது முக்கியமான காரணம். மெதுவா இருந்தாலும் எப்ப வரும்னு உறுதி சொல்ற சீரியல் கேபிளே போதும்னு இருந்தாங்க.

இந்தக் கதவைத் திறந்தது ஒரு பெண்ணோட பேர். 1990-ல சிலிக்கான் பள்ளத்தாக்குல வினோத் பரத்வாஜ், லாரி பிளேர்னு ரெண்டு பேரோட கம்பெனி ஈதர்நெட் சுவிட்ச்னு ஒரு கருவியைக் கொண்டு வந்தது. ஏழு போர்ட். கம்பெனிக்கு வெச்ச பேர் கல்பனா, பரத்வாஜோட மனைவி பேர். ஒரே பொதுக் கேபிள்ல எல்லாரும் கத்தறதுக்குப் பதிலா, ஒவ்வொருத்தருக்கும் தனி வழி. நடுவுல சுவிட்ச் உக்காந்து, யாருக்கு எந்தச் சேதியோ அவங்களுக்கு மட்டும் அனுப்பும். அப்புறம் ஒரே நேரத்துல பேசவும் கேட்கவும் முடியற வசதி சேர்ந்தபோது, மோதல்ங்கிற பேச்சே போயிடுச்சு. 1994-ல சிஸ்கோ கல்பனாவை வாங்கியது, அந்தப் பேர் மறைஞ்சது. ஆனா இன்னைக்கு உங்க ஆபீஸ்ல, உங்க ஃபேக்டரியில இருக்கிற ஒவ்வொரு சுவிட்ச்சும் அந்த யோசனையோட வாரிசு.

1999-ல மோடிகானை அப்ப கையில வெச்சிருந்த ஷ்னைடர் நிறுவனம், மோட்பஸ் மொழியை ஈதர்நெட் மேல எப்படிப் பேசறதுன்னு எல்லாரும் பார்க்கற மாதிரி வெளியிட்டது. மோட்பஸ் டிசிபி. இருபது வருஷமா ஃபேக்டரிக்காரங்களுக்குப் பழகின மொழி, கடையில சல்லிசா கிடைக்கிற கேபிள். எந்தச் சின்னக் கம்பெனியும் ஒரு சின்ன மாட்யூல் செஞ்சு விக்கலாம்னு ஆச்சு. நம்ம உள்ளங்கை டப்பா இப்படித்தான் ஊர் பூரா பரவினது.

நான் செய்த தப்பு

இப்ப என் கதை. படிச்சு முடிச்சு முதல் வேலை, ஒரு ஃபேக்டரியோட கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். எந்த ஊர், எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், ஏன்னா தப்பு அவங்களது இல்லை, என்னுது. கட்டுப்பாட்டு அறை ஒரு பக்கம், தொட்டி எண்பது மீட்டர் தள்ளி. தொட்டிகிட்ட ஒரு மாட்யூல். மட்டத்தைப் பார்த்துச் சொல்லும், அறையில இருக்கிற பிஎல்சி முடிவு பண்ணி "பம்ப் ஆன்", "பம்ப் ஆஃப்" சொல்லும். நான்தான் மாட்டினேன், நான்தான் செட் பண்ணினேன். ரெண்டு மாசம் ஒரு குறையும் இல்லை.

ஒரு ராத்திரி எலி கேபிளைக் கடிச்சுடுச்சு. அந்த நேரத்துல பம்ப் ஆன்ல இருந்தது. மாட்யூலுக்கு அடுத்து எந்த உத்தரவும் வரலை. கடைசியா வந்த உத்தரவு "ஆன்". அது சொன்ன பேச்சைக் காப்பாத்திச்சு. விடியற்காலை வரைக்கும் பம்ப் ஓடி, தொட்டி நிரம்பி, பாதி சுத்தமான கழிவுநீர் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் மல்லாட்டை போட்டிருந்த நிலத்துல பாய்ஞ்சுது. நைட் ஷிப்ட்ல இருந்த வயசான ஆபரேட்டர் அண்ணன், பம்ப் சத்தம் மாறலையேன்னு சந்தேகப்பட்டு நடந்து போய்ப் பார்த்துதான் நிறுத்தினார். ஸ்க்ரீன்ல ஒரு சின்ன மஞ்சள் எழுத்து, தொடர்பு இல்லைன்னு. அதை யாரும் பார்க்கலை.

காலையில மேனுவலைப் புரட்டினேன். ஒரே ஒரு அமைப்பு. வாட்ச்டாக். இத்தனை விநாடி தலைமைகிட்ட இருந்து சேதி வரலைன்னா, நீயா இந்த நிலைக்குப் போயிடுன்னு முன்கூட்டியே எழுதி வைக்கிற இடம். "பத்து விநாடி பேச்சு இல்லையா, பம்பை நிறுத்து." நான் வாங்கின மாட்யூல்ல அது பூஜ்யம்னு இருந்தது. பூஜ்யம்னா வாட்ச்டாக் வேலை செய்யாது. நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

வெயில், இடி, தூசி எல்லாத்தையும் தாங்கற டப்பா. ஆனா லைன் கட் ஆனா என்ன செய்யணும்னு அதுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. அந்த விவசாயி என்னைத் திட்டக்கூட இல்லை. நிலத்தைக் காட்டி, "உங்க மெஷினுக்குக் கண்ணு இல்லையா தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். கண்ணு இருந்துது. மட்டம் நிரம்பினது அதுக்குத் தெரியும். சொல்ல ஆள் கிடைக்கலை, தானா செய்ய அனுமதி இல்லை. கம்பெனி அவருக்கு நஷ்ட ஈடு கொடுத்தது. நாங்க வாட்ச்டாக்கைப் போட்டோம். அதோட நிக்காம, தொட்டி மேல ஒரு மிதவை சுவிட்ச் வெச்சு, நேரா பம்போட கான்டாக்டருக்கு ஒயர் இழுத்தோம். எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாம, தண்ணி ஏறினா பம்ப் நிக்கும்.

அணைக்கு எது பாதுகாப்பான நிலை?

இப்ப மறுபடி சாத்தனூருக்கு வர்றேன். 1958-லிருந்து இருக்கிற அணை, முழு மட்டம் 119 அடி. இன்னைக்கு இந்தியா முழுக்க ஆறுகள்லயும் அணைகள்லயும் தானா மட்டம் பார்த்து அனுப்பற கருவிகளை வைக்கற வேலை நடக்குது. 2016-ல தொடங்கின தேசிய நீரியல் திட்டத்தோட முக்கியமான பகுதியே அதுதான். நல்ல விஷயம். இன்னும் வேகமா நடக்கணும்.

ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்க. என் பம்புக்குப் பாதுகாப்பான நிலை எதுன்னு கேட்டா பதில் சுலபம்: நிறுத்து. அணை மதகுக்கு? லைன் கட் ஆனா மூடிக்கோன்னு எழுதினா, தண்ணி ஏறி அணைக்கே ஆபத்து. திறந்துக்கோன்னு எழுதினா, கீழே தூங்கற ஊர் முழுகும். அப்படியே இருன்னு எழுதினா, அது என் பம்ப் செஞ்ச அதே தப்பு. எந்த மாட்யூலோட மெமரியிலயும் எழுதி வைக்க முடியாத பதில் இது. அதனாலதான் பெரிய மதகுகள்கிட்ட இன்னும் மனுஷங்க இருக்காங்க. நீர்வளத்துறையில லஸ்கர்னு சொல்லுவாங்க. புயல் ராத்திரியில மதகு மேல நின்னு ஷட்டரை ஏத்தறவர் அவர்தான்.

இன்னொண்ணு. மோட்பஸ் விதி ஞாபகம் இருக்கா? கேட்காம பேசக் கூடாது. அணையில இருந்து தலைமைக்குத் தகவல் போகுது, தலைமை கேட்குது, கருவி சொல்லுது. ஆனா கீழே ஆத்தங்கரையில தூங்கற குடும்பம் எதையும் கேட்காது. அவங்களுக்குக் கேட்கத் தெரியாது, ஏன்னா ஊத்தங்கரையில மழை பெய்யறதே அவங்களுக்குத் தெரியாது. அவங்க ஊர்ல மழை விட்டிருக்கலாம். கேட்காதவங்ககிட்டயும் போய்ச் சொல்றதுக்கு ஒரு ஏற்பாடு வேணும். அதைத்தான் ஊர்ல தண்டோரா பார்த்துகிட்டுது. இப்ப செல்போனுக்கு எச்சரிக்கை அனுப்பறோம். புயல்ல முதல்ல படுக்கறதே செல்போன் டவர்தான். அப்ப அந்த லைன் கட் ஆனா, அந்த ஊர் என்ன செய்யணும்? அதோட வாட்ச்டாக் எங்க இருக்கு? இத்தனை நேரம் சேதி வரலைன்னா மேட்டுக்குப் போங்கன்னு யாராவது முன்கூட்டியே சொல்லி வெச்சிருக்கோமா? எச்சரிக்கை எத்தனை தடவை கொடுத்தோம்ங்கிற கேள்வியைவிட எனக்கு இது பெரிய கேள்வியாத் தெரியுது.

அடுத்த அமாவாசைக்கு ஊருக்குப் போனேன். பெரியப்பாகிட்ட, "புயல் ராத்திரி ஏரியை யார் பார்த்தாங்க?"ன்னு கேட்டேன். "யாரும் சொல்லல. நாங்க நாலஞ்சு பேர் டார்ச் எடுத்துக்கிட்டு கரைக்குப் போனோம். கலங்கல்ல முள்ளுச் செடி அடைச்சிருந்தது, வெட்டி விட்டோம்"னார். எழுபது வயசு அவருக்கு. நீர்க்கட்டி வேலை எங்க வீட்டுல தாத்தாவோட முடிஞ்சுபோச்சு. அடுத்த புயலுக்கு யார் போவாங்கன்னு கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பதில் சொல்லலை.

கேட்டுகிட்டு இருக்கிறவங்கள்ல பேனல் மாட்டறவங்க, புரோகிராம் எழுதறவங்க நிறைய பேர் இருப்பீங்க. நாளைக்கு வேலைக்குப் போனதும் உங்க மாட்யூலோட வாட்ச்டாக் பக்கத்தைத் திறந்து பாருங்க. பூஜ்யம்னு இருந்தா, அது என்ன செய்யணும்னு இன்னும் யாரும் முடிவு பண்ணலைன்னு அர்த்தம். ஆத்தங்கரையில, ஏரிக்குக் கீழே சொந்த ஊர் இருக்கிறவங்க, அடுத்த தடவை வீட்டுக்கு போன் பண்ணும்போது இந்தக் கேள்வியைக் கேளுங்க. பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.